பட்டி வைத்த சக்கரங்கள்

அப்பா,

பெயின்ட் கரைக்கும் தின்னர் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சோற்றைக் கரண்டியால்தான் எடுத்துச் சாப்பிடுகிறேன். வளைகுடாவில் பதினாறு வருடம் பெயின்ட் பட்டறையில் இதே நாற்றத்தில் கிடந்தவன் நான். அங்கே இதே கையால்தான் சாப்பிட்டேன்.

உங்கள் நினைவு நாளுக்காக உங்கள் பழைய லாரியைப் புதிதாக்கி முற்றத்தில் நிறுத்த நினைத்தேன். சக்கரங்களில் தொடங்கினேன். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினால்தான் பிரைமர் பிடிக்கும். நீங்கள் அடித்த சிவப்பு, அதற்கடியில் இன்னொரு சிவப்பு. அதற்கும் அடியில், போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. வெடிப்பை மறைக்கப் பூசும் பட்டி. கம்பி பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே இரும்பு வெடித்திருந்தது. லாரியின் ஆறு பழைய சக்கரங்களில் மிச்சமிருப்பவை ஐந்து; அவற்றில் மூன்றில் இதே வேலை.

"சக்கரத்துக்கு நான்தான் பெயின்ட் அடிப்பேன், வேற ஒருத்தன் கை படப்பிடாது" என்பீர்கள். நான் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆறாவது சக்கரம்தான் பல வருடங்களுக்கு முன் ஆரல்வாய்மொழி பக்கம் ஓட்டத்தில் உடைந்தது. லாரி கவிழ்ந்து, மூட்டைகளின் மேல் இருந்த சுமைகாரர் செத்துப்போனார். ஓட்டிவந்த ராசையண்ணன், "சக்கரம் பிளந்து போச்சு முதலாளி" என்று உங்கள் முன்னால் அழுதார். "ஒறங்கிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். உடைந்த சக்கரம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் சபை மூப்பர் அல்லவா? அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, கர்த்தர் வண்டியைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னீர்கள். நானும் ஆமென் சொன்னேன்.

அதன்பின் ராசையண்ணனுக்கு ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வெடித்த சக்கரம் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் குந்தியிருந்து வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துட்டு மக்கா. எனக்க வீட்டுக்காரி சாவுறதுக்கு முந்தியும், 'கொஞ்சம் கண்ணு அசந்திருப்பிய'ன்னுதான் சொன்னா. அப்போ நான் ஒறங்கேல்ல, இல்லியா?"

"இல்லண்ணே."

"இன்னொருக்கா சொல்லு."

"நீங்க ஒறங்கேல்ல."

அவர் அழவில்லை. எழுந்து, அந்தச் சக்கரத்தின்மேல் காறித் துப்பினார். உங்கள் மகன்தான் நான். ஆனாலும் அவரைத் தடுக்கத் தோன்றவில்லை.

நினைவு நாளன்று சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி பெஞ்சில் ராசையண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, செத்தவன நாறடிச்சிட்டியே!"

"மூடி வச்சதத் தொறந்தேன் சித்தப்பா. அது எனக்க நாத்தம் இல்ல."

அப்படிச் சொன்னது பாதிதான் உண்மை. விபத்துக்கு மறுவாரம் ராசையண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் உள்ளறையில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லும்படி எனக்குக் கை காட்டினீர்கள். எனக்குப் பதினைந்து வயது. நடந்தது புரியாத வயதல்ல. வாசலுக்குப் போய், "அப்பா இல்ல" என்றேன். உங்கள் செருப்பு படியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "செரி மக்கா" என்று திரும்பி நடந்தார்.

உங்கள் பொய்யைச் சபை நிறையச் சொல்லிவிட்டேன். வாசலில் நான் சொன்ன பொய்யை மட்டும் இன்னும் அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை.