குடிபாலா ரோட்டுப் பிடித்தம்

அண்ணா,

இன்று காலை சித்தூரில் பென்ஷன் ஆபீஸ் வாசலில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. குடிபாலா ரோட்டில் நீ மேஸ்திரி, நான் உன் கேங்கில் ஜல்லி கொட்டியவன். வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

சென்னை ராஜ்யமாக இருந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் நம் சம்பளத்தில் பென்ஷனுக்கென்று பிடித்தார்கள். பிறகு ஆந்திரா பிரிந்தது, எல்லையும் முடிவானது. எல்லைக் கல் நடக் குழி தோண்டியதே நாம்தான். உனக்கு ஓய்வு வயசு வந்து பழைய பிடித்தத்தைக் கேட்டால், சித்தூரில் அது மெட்ராஸ் கணக்கு என்றார்கள். வேலூரில் நீங்கள் ஆந்திரா ஆட்கள் என்றார்கள். பிடிக்கும்போது மட்டும் ஒருத்தனுக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் ஓர் அதிகாரி மனமிரங்கி, உனக்கு மட்டும் பழைய வருஷங்களைச் சேர்த்து எழுதுகிறேன், மற்றவர்களைக் கூட்டிவராதே என்றார். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். “ஒருத்தனுக்குக் குட்த்தா அது தயவு சார். அல்லாருக்கும் குட்த்தாத்தான் நாயம். ரூலை மாத்துங்க.”

வெளியே வந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றேன். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

ரூல் மாறியது, நீ கண்ணை மூடிய பிறகு. பழைய சர்வீஸ் முழுதும் சேருமாம், ஆனால் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமாம். இது என்ன அக்கிரமம்? நீ அலைந்த அலைச்சலில் எனக்கு முழுப் பென்ஷன் வருகிறது. அண்ணிக்குத் தம்பிடி கிடையாது. இந்த வயசில் கங்காதர நெல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்கள். செத்தால் போகட்டும் என்றா உன் சம்பளத்தில் கை வைத்தார்கள்?

அதைக் கேட்கத்தான் இன்று அண்ணியோடு போனேன். உனக்குத்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று குமாஸ்தா என்மேல் தெலுங்கில் எரிந்து விழுந்தான். நான் கத்திய கத்தலில் உள்ளேயிருந்து ஆபீசரே வந்துவிட்டார். சரி, இந்த அம்மாவுக்கு மட்டும் ஏதாவது வழி பார்க்கலாம் என்று குரலைத் தாழ்த்தினார். எனக்கு உயிர் வந்தது.

அண்ணி எழுந்து நின்றார்கள். “எனக்கு மட்டும் வேணாம் சார். எங்க கேங்குல தாலியறுத்தவங்க இன்னும் கீறாங்க. நாளிக்கி அல்லாரியும் இட்டுக்கினு வரேன்.”

வெளியே வந்தோம். இந்த முறை நான் திட்டவில்லை, அண்ணா. அண்ணிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.