ஷார்ஜா பூட்டுக்குத் தஞ்சாவூர் சாவி

3 ஜூலை 2013, புதன்

தஞ்சாவூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே திரும்பினேன். ஆனாலும் கால் வலிக்கவில்லை. எங்கள் ஆபீஸ் முதலாளி நாகநாதன் சார் இன்று எல்லார் முன்னாலும், "ஷார்ஜா வேலைய முழுக்க ஷமீராதான் பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே இன்றுதான் தெரியும்.

ஷார்ஜாவில் அரிசி, மளிகை இறக்குமதி செய்யும் கம்பெனி. கிளை, கிடங்கு என்று ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள். யார் உள்ளே நுழையலாம், எத்தனை மணிவரை வேலை பார்க்கலாம், பென் டிரைவ் செருகலாமா கூடாதா என்ற பாதுகாப்பு அமைப்புகளை யாரும் மாற்றிவிடாமல் ஒரு மென்பொருள் காவல் காக்கிறது. அது பழைய பதிப்பு. சின்ன மாற்றத்துக்கும் ஓர் ஆள் கிளை கிளையாக அலைய வேண்டும். அந்த ஆள் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் இர்பான்தான். புதிய பதிப்பை ஏற்றிவிட்டால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த இடம் ஏன் தஞ்சாவூராக இருக்கக் கூடாது?

இதை அவர்களுடைய மேனேஜரே சொல்லியிருக்கிறார். தகராறு இல்லாமல் ஓடினால் இர்பானின் வேலை தஞ்சாவூருக்கு வந்துவிடும், அவரும் வந்துவிடுவார். ஓடாவிட்டால் விசா புதுப்பித்து இன்னும் இரண்டு வருஷம் அங்கேயேதான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமியிடம் சொன்னேன். "உன் மாமனாரும் சபர்னு கடல் தாண்டிப் போனாரு, என் மவனும் சபர். காலமெல்லாம் கப்பலயும் பிளேனயும் பாத்தே போச்சு. நீ மெஷினத் தட்டி ஒருத்தனயாவது கொண்டாந்துருவியா?" என்றார். கொண்டுவருவேன் மாமி. பாருங்கள்.

11 ஜூலை, வியாழன்

இன்று முதல் நோன்பு. அங்கே நேற்றே ஆரம்பித்துவிட்டது.

புதிய பதிப்புக்கு ஒரு மாதிரி வேண்டும். ஒழுங்காக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரின் அமைப்புகளை அப்படியே எடுத்துக் கொடுத்தால், மற்றவை எல்லாவற்றையும் அதைப் போலவே அது வைத்திருக்கும். இர்பான் தலைமை ஆபீஸிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்து எடுங்க" என்றேன். "எனக்கு யாரும் அப்படிப் பாக்கலியே" என்றார். கொழுப்பு!

16 ஜூலை, செவ்வாய்

மாதிரி வந்தது. வரி வரியாகப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

26 ஜூலை, வெள்ளி

ஒரு கிடங்கில் மட்டும் சோதனை. ஓடுகிறது!

2 ஆகஸ்ட், வெள்ளி

அங்கே வெள்ளி விடுமுறை என்பதால் இன்றே எல்லாக் கிளைகளிலும் ஏற்றினோம். ஆபீஸ் திரையில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பச்சைக்கு வந்தது. பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் செம்மொழி. குத்தாலத்துப் பெண், வீட்டில் எல்லாருக்கும் வயல்தான் வேலை. "அக்கா, நடவு முடிஞ்ச வயலாட்டம் இருக்குக்கா" என்று குதித்தாள். பசி, தாகம் எதுவுமே தெரியவில்லை. நோன்பு திறக்கும் நேரம் பார்த்து நாகநாதன் சார் பேரீச்சம்பழமும் சமோசாவும் வாங்கிவந்து வைத்தார். எப்படி நேரம் தெரியும் சார் என்று கேட்டால், "செம்மொழிதான் சொன்னுச்சு" என்கிறார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

பெருநாள். அவருக்கு நேற்றே முடிந்துவிட்டது. ஸ்கைப்பில் புதுச் சட்டையைக் காட்டினார். மாமி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன ஆச்சுன்னே தெரியலை.

பெருநாள் லீவு முடிந்து அங்கே இன்றுதான் திறந்தார்கள். அவர்கள் நேரம் மூன்று மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் ஆட்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. இர்பானுடையதும்தான். போனில் மூச்சு வாங்கினார். "வைரஸ்ங்கிறாங்க, எவனோ உள்ள பூந்துட்டான்ங்கிறாங்க. மேனேஜர் கத்துறாரு, ஷமீரா."

அடித்துப் பிடித்துப் பஸ் ஏறி ஆபீஸ் போனேன். செம்மொழியும் வந்துவிட்டாள். திரையைப் பார்த்தால் எல்லாம் பச்சை! ஒன்றில்கூடக் குறையில்லை என்கிறது. குறையில்லன்னா ஏன் சாத்துன, சொல்லித் தொலையேன்!

நாளை மாலைக்குள் சரியாகாவிட்டால் பழைய பதிப்பையே திரும்பப் போடச் சொல்லிவிட்டார் மேனேஜர். போட்டால்... இன்னும் இரண்டு வருஷம்.

12 ஆகஸ்ட், திங்கள்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் இர்பான் போன் செய்தார். எல்லாம் தானாகவே திறந்துகொண்டதாம், ஒரு குறையும் இல்லையாம். பயம்தான் கூடியது. இட்லியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் உட்காருங்கள் மாமி என்றேன்.

"நீ சாப்புடும்மா. நான் ஆறு நோன்பு பிடிச்சிருக்கேன்" என்றார் மாமி. பெருநாளுக்குப் பிறகு வருஷா வருஷம் அவர் பிடிக்கிற நோன்புதான்.

பெருநாள் முடிந்தும் நோன்பு.

இட்லி கையிலேயே நின்றுவிட்டது. மாதிரியை எடுத்தது எப்போது? நோன்பு மாசத்தில்! நோன்பு என்றால் அங்கே ஆபீஸ் மூன்று மணிவரைதான், கம்ப்யூட்டரும் அதுவரைதான் ஆளை விடும். அந்த நேரத்தையும் சேர்த்தே எடுத்து அனுப்பியிருக்கிறார் என் புருஷன். நானும் நோன்போடு உட்கார்ந்து, மூன்று மணி சரிதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். மாதிரி சொன்ன நேரத்தில்தான் சாத்தியது, அதனால்தான் திரையில் எல்லாம் பச்சை. ஊரெல்லாம் பெருநாள் கொண்டாடிவிட்டது, ஷார்ஜா கம்ப்யூட்டர்கள் மட்டும் இன்னும் நோன்பில் இருக்கின்றன!

நான் சிரித்த சிரிப்பில் மாமி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆபீஸில் மாதிரியில் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். டீ ஆறுவதற்குள் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே மூன்று மணி தாண்டியது, ஒன்றும் சாத்திக்கொள்ளவில்லை. விஷயத்தைக் கேட்டு நாகநாதன் சார் கண்ணீர் வர இரண்டாம் தடவையாகச் சிரித்தார்.

மேனேஜர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "எந்தக் கிளைக்கும் யாரும் போகலியா? தஞ்சாவூர்ல இருந்தேவா?" ஆமாம் சார் என்றேன். சரி என்று போனை வைத்தார்.

கிடங்கு ஆட்கள் நேற்றுச் சீக்கிரம் வீட்டுக்குப் போனதற்காக எனக்காகக் கையேந்தி துஆ செய்கிறார்களாம். இர்பான் சொன்னார்.

29 ஆகஸ்ட், வியாழன்

வந்துவிட்டது! வேலை தஞ்சாவூருக்கு. அந்த ஒற்றை வரித் திருத்தத்தைப் பார்த்துத்தான் மேனேஜர் முடிவு செய்தாராம்.

ஒரே ஒரு சங்கடம். அவர் இங்கே எனக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வீட்ல மட்டும் என்னவாம்? எப்ப சேரணும்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

மாமியிடம் சொன்னதும் என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தம் கொடுத்தார்.

23 அக்டோபர், புதன்

காலையில் பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் சண்டை. ஜன்னல் சீட்டுக்கு. "ஆபீஸ்லதான் நீ மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். போன் சண்டை என்றால் பட்டென்று வைத்துவிடலாம். இங்கே எங்கே போவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். எல்லாரும் கேட்காரரைத் திட்டினார்கள். இவர் வேர்க்கடலை வாங்கி, ஒவ்வொன்றாகத் தோலை ஊதி என் கையில் வைத்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசாமல். நானும் பேசாமலே தின்றேன்.

கேட் திறந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.