நாற்பது யூனிட்

மார்ச் 3, செவ்வாய்
பீங்கான் சூளையில் வெந்துபோய், பதினோரு நாளாக எங்கள் வார்டில் கிடந்த பச்சமுத்து காலையில் இறந்துவிட்டார். கட்டுகளைப் பிரித்து, உடம்பைத் துடைத்து, துணி போர்த்திவிட்டு நேராகப் போய் இட்லி சாப்பிட்டேன். அவர் மனைவி கண்ணம்மாள், "உங்களுக்குப் பழகிப்போச்சுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்பது வருடமாக இப்படித்தான் சமாளிக்கிறேன் — எதையும் உள்ளே விடாமல்.

மார்ச் 5, வியாழன்
மங்கலம்பேட்டை மளிகைக்கடைக்காரர் கோதண்டபாணிக்கு இன்சுலின் பதினாலு யூனிட். நான் எடுத்துப்போனது நாற்பது. வயிற்றில் குத்தப் போகும்போது அவரே கேட்டார்: "என்ன சிஸ்டர், இன்னிக்கு ஊசியில மருந்து நெறைய இருக்குது?"

வேறு ஆளுடையதைக் கொண்டுவந்துவிட்டேன் என்று சிரித்தேன். நம்பிவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால்? மருந்தை எடுக்கும்போது பச்சமுத்துவின் வெந்த விரல்கள்தான் கண் முன்னால் நின்றன. நான்தான் எதையும் உள்ளே விடவில்லையே. பிறகு ஏன்?

மார்ச் 6
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்
பஸ்ஸிலிருந்து மூன்று முறை வார்டுக்குப் போன் செய்தேன். டிரிப்பை நிறுத்தினேனா, மாத்திரை கொடுத்தேனா என்று. கூட வேலை செய்யும் சண்முகப்ரியா கடைசியில், "எல்லாம் சரியாத்தான் இருக்குதுக்கா. ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்குது" என்றாள். வீட்டில் கணவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், சோறு போடட்டுமா என்றுதான் கேட்டார்.

மார்ச் 11, புதன்
தலைமை நர்ஸ் ஜெயஸ்ரீ மேடத்திடம் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். தப்புக்குத் திட்டவில்லை, ஆறு நாள் மறைத்ததற்குத்தான் திட்டினார். எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். இனி இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்தே போட வேண்டுமாம். யாரால் இந்த உத்தரவு என்று எல்லோருக்கும் தெரியும்.

கோதண்டபாணியிடமும் உண்மையைச் சொன்னேன். அவர், "எனக்கு வேற சிஸ்டர அனுப்புங்க" என்றார். அதுதான் நியாயம்.

மார்ச் 27, வெள்ளி
மறுபடியும் வார்டு. மதியம் ராஜம்மாள் என்கிற அம்மா இறந்துபோனார். என் நோயாளிகளைப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளும்படி சண்முகப்ரியாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம் இருபதானது.

வெளியே ராஜம்மாளின் மகள் பெஞ்சில் தனியாக இருந்தாள். முகத்தைக்கூடக் கழுவாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.