வலிக்குச் சாட்சி சொன்னவளுக்கு

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். "ஆன்டி, நாளைக்குத் தோள் தெரியற மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வாங்க. பழைய ஸ்கேன் இருந்தா எடுத்துக்குங்க. முடிஞ்சா வீட்டுல கூட இருக்கறவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க லா" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். ஸ்கேனைத் தேடி அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்தபோது அந்தத் துணிக்கடைப் பை கையில் சிக்கியது. திறந்ததும் தைல வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே என் பழைய பூப்பந்துக் காலணிகள். தைலப் புட்டியைச் சரியாக மூடாமல் அந்தப் பைக்குள் நீ போட்டதும், அது கொட்டியதும், நான் கத்தியதும், "விடுடி, ஷூவுக்கும் மூட்டுவலி இருக்கும்" என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒன்றையும் பிடிக்காமல் எழுந்தேன். இந்த முட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தது நீதான்.

இந்தத் தடவை முட்டி இல்லை. வலது தோள். கை தலைக்கு மேலே போவதில்லை. தலை சீவ முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உன்னிடம் என்ன ஒளிவு மறைவு? நீ போன பிறகு நான் ஆடப் போகவே இல்லை. என்னோடு ஆடும் லில்லி சனிக்கிழமை தோறும் போன் பண்ணுவாள். தோள் வலி என்பேன். முதலில் அது சாக்காகத்தான் இருந்தது. சாக்குச் சொல்லிச் சொல்லியே வலி நிஜமாக வந்துவிட்டது. இனிமேல் நான் மட்டையைத் தொடுவேனா, மாட்டேனா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்று காலை, அன்று முட்டியைப் பார்த்த அதே டாக்டரிடம் போய் வந்தேன்.

முதல் தடவை நாம் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஸ்போர்ட்ஸ் டாக்டர் என்றதும், "அதெல்லாம் ஒலிம்பிக் போறவங்களுக்குடி. உனக்கு எதுக்கு?" என்றாய். என் ஆட்டம் உனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. நீ கல்யாணமே வேண்டாம் என்று இருந்தாய், நான் பண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டு அத்தனை வருஷம் வாழ்ந்தோம். நான் சனிக்கிழமை மட்டையைத் தூக்கும்போதெல்லாம், "பேரன் பேத்தி எடுக்கற வயசுல குதிக்கப் போறா பாரு" என்பாய். ஆனாலும் பிளாஸ்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு கூடவே வந்து, ஆடும் மண்டபத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாய். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. "அங்க அடி லா! ஆள் இல்லாத இடத்துல அடி!" என்று கத்துவாய். யோசித்துப் பார்த்தால் அதற்கு மேல் விதி என்ன இருக்கிறது?

டாக்டரிடம் போகிற அன்று காலை நான் குளித்து, புது சுடிதார் போட்டு, பவுடர் பூசி, வலி மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டேன். முட்டியில் ஒரு கை தைலம். நம் ஆட்களின் வழக்கமே இதுதான். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போல, டாக்டரைப் பார்க்குமுன் உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு போவோம். நொண்டிக்கொண்டு போனால் அந்த அம்மா என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். ஆடும் காலணியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வியர்வை நாற்றம் பிடித்த அதைப் போய் எப்படி டாக்டர் மேசைக்குக் கொண்டு போவது என்று வீட்டிலேயே விட்டுவிட்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். உன் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் அந்தச் சின்ன அறை. டாக்டர் கிள்ளான்காரப் பெண். உட்காருவதற்குள் அவர் அம்மா வீடு எந்தப் பக்கம் என்று நீ விசாரித்து முடித்திருந்தாய்.

"எங்க வலிக்குது ஆன்டி?"

"இப்ப அவ்வளவா இல்ல டாக்டர். வரும், போகும்."

நீ நாற்காலியை முன்னுக்கு இழுத்தாய். "காலையில மாத்திரை போட்டுட்டு வந்திருக்கா டாக்டர். அப்புறம் எப்படி வலிக்கும்?"

நான் உன் தொடையைக் கிள்ளினேன். "எதுக்குடி கிள்ளுற? இல்லாததையா சொல்றேன்?" என்று அதையும் சபையில் போட்டு உடைத்தாய்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தாங்க முடியலன்னா போட்டுக்கலாம் ஆன்டி. ஆனா போட்டேன்னு என்கிட்ட சொல்லிடணும். முடிஞ்சா வலியையும் கூட்டிட்டு வாங்க. அது வராம நான் யாரைப் பார்க்கறது?"

சுடிதார் கால் கெண்டைக்காலுக்கு மேலே ஏற மறுத்தது. தாதி ஒரு தொளதொள அரைக்கால் சட்டை கொண்டு வந்து கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் முழங்கால் தெரிய நின்றது அன்றைக்குத்தான். திரைக்குப் பின்னாலிருந்து கூனிக் குறுகி வந்தேன். நீ மேலும் கீழும் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இப்படியே வீட்டுக்கு வா" என்றாய். காலணி எங்கே என்று டாக்டர் கேட்டதும், மடியிலிருந்த பையைத் திறந்து மேசை மேலேயே வைத்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ மூக்கைச் சுளிக்காமல் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நான் எப்படி நடக்கிறேன் என்பதை அதுவே சொல்லிவிட்டது.

அதன் பிறகு கேள்வி எல்லாம் எனக்கு, பதில் எல்லாம் உன்னது. ஆடும்போது முட்டி மடங்கியதே, அது எப்போது வீங்கியது என்று கேட்டார். அப்பவே என்றேன். "இல்ல டாக்டர். அன்னைக்கு நல்லாத்தான் இருந்தா, ராத்திரி தோசைகூட நின்னுக்கிட்டே சுட்டா. மறுநாள் குளிக்கப் போறப்பதான் முட்டி வீங்கியிருந்துச்சு" என்றாய். அந்த ஒரு நாள் வித்தியாசம் தனக்கு முக்கியம் என்று டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்போங் மேடானில் கால் நீவிவிடும் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் நான் ரகசியமாகப் போய் வந்ததையும் சொன்னாய். வீங்கிய முட்டியை அழுத்தித் தேய்க்க விடலாமா என்று எனக்குத் திட்டு விழுந்தது. எல்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவதையும், தூக்கத்தில் புரளும்போது முனகுவதையும் சொன்னாய். முனகுவேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்து, சோதனை நாளில் வயிற்றுவலி என்று வந்து நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் நீ. வலி இருக்கிறது என்று பொய் சொல்பவர்களை மட்டுமல்ல, இல்லை என்று பொய் சொல்பவர்களையும் உனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது.

கடைசியில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி ஆன்டி. இந்த முட்டி நல்லானா நீங்க என்ன செய்யணும்? எதுக்குத் திரும்பிப் போகணும்?"

"மார்க்கெட்டுக்கு நடந்து போயிட்டு வந்தா போதும் டாக்டர். இந்த வயசுல வேற என்ன வேணும்?"

இனிமேல் இவளை ஆடக் கூடாதென்று சொல்லுங்கள் என்று நீ ஆரம்பிப்பாய் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் நீ கூட வந்தாய் என்றே நினைத்திருந்தேன்.

"பொய் டாக்டர்," என்றாய். "அவ ஆடணும்."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "ஆடலன்னா வீட்டுல உக்காந்து என் உயிரை எடுப்பா" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாய்.

"நல்லவேளை சொன்னீங்க பெரிய ஆன்டி. மார்க்கெட்டுக்கு நடக்க ஒரு வைத்தியம். குதிச்சு ஆட வேற வைத்தியம்" என்றார் டாக்டர்.

திரும்பும் ரயிலில் உன்னைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சனிக்கிழமை மட்டுந்தான் நீ பாடிக்கிட்டே கதவைத் திறக்கற" என்றாய். அப்படியா, நான் பாடுவேனா என்றேன். "கேக்க சகிக்காது. ஆனா பாடுவ" என்றாய்.

முட்டிக்குள் ஜவ்வு லேசாகக் கிழிந்திருந்தது. கத்தி வேண்டாம், பொறுமையாகப் பயிற்சி செய்தால் போதும் என்றார்கள். பொறுமை எனக்கு ஏது? அது உன் இலாகா. பருப்புப் பையைக் கணுக்காலில் கட்டி, என்னைத் தரையில் படுக்கப் போட்டுக் காலைத் தூக்க வைத்தாய். எண்ணுகிற வேலையை நீயே எடுத்துக்கொண்டாய். ஆனால் அதே நேரத்தில் உன் சீரியல் ஓடும். மாமியார் மருமகளை அறைந்த இடத்தில் எண்ணிக்கை போய்விடும். "எத்தனைல விட்டோம்?" என்பாய். எட்டு என்பேன். "உன்ன நம்ப முடியாது. சரி, மொதல்ல இருந்து!" என்பாய். எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! அத்தனை தடவை முதலிலிருந்து செய்ததால்தான் கால் தேறியது என்று டாக்டர் சொன்னபோது நீ காட்டிய முகத்தை மறக்கவே முடியாது.

மறுபடி மண்டபத்துக்குப் போன சனிக்கிழமை, லில்லிக்கு முன்னால் நீதான் கைதட்டினாய். அப்புறம் நல்ல வருஷங்கள் கிடைத்தன. போன வருஷம் தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் நீ போய்விட்டாய், தூக்கத்திலேயே. பக்கத்துக் கட்டிலில் நான் இருந்தேன். அன்றைக்கு நீ முனகக்கூட இல்லை, அக்கா. முனகியிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

இன்று காலை தனியாகத்தான் போனேன். பவுடர் இல்லை, மாத்திரை இல்லை, தோள் தெரியும் பழைய சட்டை. உனக்குப் பெருமையாக இருந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தேன். டாக்டருக்குக் கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "பெரிய ஆன்டி வரலையா?"

சொன்னேன். "அவங்க வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார்.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள்? தெரியவில்லை டாக்டர். தூக்கத்தில் கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வீர்களா? தெரியவில்லை. ஒவ்வொரு தெரியவில்லைக்கும் நான் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். தனியாக இருப்பது என்றால் தனியாகச் சாப்பிடுவது, தனியாகத் தூங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் போவது என்று அங்கேதான் புரிந்தது. அந்த நிமிஷம் நீ இல்லாதது தோளை விட அதிகமாக வலித்தது.

"சரி, கை ஏறலன்னு எப்பத் தெரிஞ்சது?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. "அக்கா படத்துக்குப் பூ போடப் போனேன் டாக்டர். எட்டல."

உயிரோடு இருந்தபோது என் தோள் உயரம்தான் நீ. படத்தை நான்தான் மரியாதைக்கு உயரமாக மாட்டினேன். இப்போது நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத ஆளாகிவிட்டாய்.

டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் இறுகிப்போய்விட்டதாம். மெதுவாகத்தான் இளகும், மாதக்கணக்கில் ஆகும், ஆனால் இளகும் என்றார். அப்புறம் அதே மாதிரி பேனாவை வைத்தார்.

"நல்லானா என்ன செய்யணும் ஆன்டி?"

"தலை சீவ முடிஞ்சா போதும் டாக்டர். இந்த வயசுல..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன். மறுத்துச் சொல்ல யாராவது நாற்காலியை முன்னுக்கு இழுப்பார்கள் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது. யாரும் இழுக்கவில்லை.

"பொய் டாக்டர்," என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. "நான் ஆடணும்."

"அப்படின்னா வேற வைத்தியம்" என்றார் டாக்டர். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

எங்கள் மண்டபத்தில் யாருக்காவது இடுப்போ கணுக்காலோ பிடித்துக்கொண்டால் இனி நான் சொல்வேன். அரைக்கால் சட்டை எடுத்துக்கொள், அழுக்குக் காலணியை எடுத்துக்கொள், போட்ட மாத்திரையையும் போய் வந்த வைத்தியத்தையும் மறைக்காதே, எதற்குத் திரும்பிப் போக ஆசையோ அதை வாய் விட்டுச் சொல். உன் தூக்கத்தைக் கேட்டவர் யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. ஒருவரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடு. கிள்ளினாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே மெல்ல மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். உன் படம் மாட்டிய சுவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். நாள்காட்டி வரைக்கும் ஏறுகிறது, அதற்கு மேல் உயிர் போகிறது. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். நடுவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். எத்தனையில் விட்டேன் என்று தெரியவில்லை. ஏழாக இருக்கலாம், எட்டாக இருக்கலாம். எட்டு என்று வைத்துக்கொண்டால் கேட்க வீட்டில் ஆளில்லை.

கையை இறக்கினேன். "சரி, மொதல்ல இருந்து" என்றேன்.