புகை போட்ட பால்

மெகாபித் மாதம் 9
டவுன் ஆஸ்பத்திரியில் என் மனைவி யெஷியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா?

மெகாபித் 12
தவக்காலம், பால் கூடாது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று கோயிலிலிருந்து தெசெரா சாமி வீட்டுக்கே வந்து சொல்லியும் யெஷி மசியவில்லை. அவர் போனபிறகு சொன்னாள்: "வெறும் பால்ல மாட்டு வாடை அடிக்குது. வெய்ரா புகை போட்ட குடுக்கையில குடுங்க, குடிக்கிறேன்."

வெய்ராவுக்கு எங்கே போவேன்? அந்தக் காட்டு ஒலிவ மரங்களை ஏர் செய்தும் கரி சுட்டும் தீர்த்தாயிற்று. பல் துலக்கக்கூட ஒரு குச்சி இல்லை. மிச்சமிருப்பவை கோயில் வளாகத்தில்தான். அங்கே இலையைக் கிள்ளினாலும் பாவம்.

மெகாபித் 13
தைல மரத்துப் புகை போட்டுப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு, "இதென்ன, இருமல் மருந்தா?" என்றாள்.

மெகாபித் 15
சந்தை நாள். ஊரே போயிருந்தது. கோயிலுக்குப் போனேன். வெட்டினேன். சிலுவைக்குறி போடக் கை வரவில்லை —

மெகாபித் 16
கொல்லையில் சுள்ளியைப் புகையவிட்டுச் சுரைக்குடுக்கையை அதன்மேல் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டு அஸ்கதெச் பூசைக்குப் போகிற வழியில் யெஷியைப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு பாலை ஊற்றிக் கொடுத்தேன். முழுக் கோப்பையும் குடித்தாள்!

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். ஓடைப்பக்கம் ஒடிந்து கிடந்தது என்றேன்.

"ஓடைப்பக்கமா. சரி."

மெகாபித் 19
இன்றும் குடித்தாள்.

மெகாபித் 24
இறங்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்தேன்.

மெகாபித் 26
யெஷி போய்விட்டாள். குளிப்பாட்டும்போது கழுத்தில் கல்யாணச் சிலுவை இல்லையாம். யார் எடுத்தார்களோ.

அந்த மரத்தடியில்தான் குழி. நான் வெட்டிய இடம் வெளுத்துத் தெரிந்தது. என்னாலதானா? நான் செஞ்ச பாவம் அவ தலையில விழுந்துச்சா? யார்கிட்ட போய்க் கேப்பேன்...

கின்போத் 5
யெஷிக்கு நாற்பதாம் நாள். நடுவில் ஒரு மாதம் முழுக்க எதுவும் எழுதவில்லை. சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு சாமியிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, அங்கியிலிருந்து யெஷியின் வெள்ளிச் சிலுவையை எடுத்துக் காட்டினார்.

"அஸ்கதெச் கையில குடுத்தனுப்பினா. மரத்துக்கு ஈடாம். எந்த மரம்னு நான் கேக்கல, வாத்தியாரே."

என்றைக்கு என்று கேட்டேன்.

"மெகாபித் பதினாறு, சந்தைக்கு மறுநாள். காலைப் பூசைக்கு முன்னாடி."

அப்போது நான் கொல்லையில் புகை போட்டுக்கொண்டிருந்தேன்; வாடை உள்ளே போயிருக்கும். அவள் இன்னும் ஒரு வாய் பால்கூடக் குடித்திருக்கவில்லை.