நவம்பரில் எண்ணிய எங்கள் வீட்டை ஆகஸ்டில் ஒருமுறை எண்ணக் கோரும் மனு

அனுப்புநர்:
தய்யிப் வர்கி,
ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர்,
மூன்றாம் கட்டடம், இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு,
அல்-லவ்ஸ் குடியிருப்பு, பிஸெர்த், துனீசியா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வட்டார வீட்டுவசதி அலுவலகம், பிஸெர்த்.

பொருள்: எங்கள் வாடகை வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிக்கும் உத்தரவை நிறுத்திவைக்கவும், வீட்டிலுள்ளோரை ஆகஸ்ட் மாதம் நேரில் வந்து எண்ணவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: கட்டட வாசலில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த நவம்பரில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் குடியிருப்பில் ஆட்கள் குறைந்துவிட்டதால், ஒருவர் மட்டும் வசிக்கும் மூன்று அறை வீடுகள் ஜூலை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கப்படும் என்றும், மறுபாதி புதிதாக மணமானவர்களுக்குத் தரப்படும் என்றும் அறிவிப்பில் கண்டிருந்தது. அதன் கீழே இருந்த வீட்டு எண்களில் எங்கள் எண்ணும் உண்டு. சுவர் எங்கள் பெரிய அறையின் குறுக்கே வரும். சமையலறை மறுபாதிக்குப் போய்விடும். என் பாதியில் நடைவழியில் ஒற்றை அடுப்பு வைக்க ஒரு பலகை அடித்துத் தருவதாகத் தங்கள் மேஸ்திரி அன்போடு சொன்னார்.

2. புதுமணத் தம்பதிகளுக்கு வீடு கிடைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வீடு இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போவது எனக்குத் தெரியாததல்ல. என் மகனும் அப்படித் தள்ளித் தள்ளித்தான் இன்று முப்பத்தாறில் நிற்கிறான். கல்யாண வயது நாடு முழுவதும் ஏறிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, நம் பையன் தனியாக இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

3. கணக்கெடுப்பு முடிவுகளை நானும் கவனமாகக் கேட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நான் நின்றதில் கணக்கு வாத்தியாருக்கு மிகுந்த மகிழ்ச்சி. நாட்டில் குடும்பங்கள் பெருகிவிட்டன, குடும்பத்துக்குள் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். இது எப்படி முடியும் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு என் வீட்டையே வைத்துப் பார்த்தேன். மகள் ஒல்ஃபா ஸ்ஃபாக்ஸில் செவிலியர். கணவனும் வேலைக்குப் போகிறவர். கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் என் மனைவி வர்தா நாற்பது நாளுக்கென்று போனாள். பேத்தி இப்போது ஓடுகிறாள். வர்தா அவள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். மகன் ஷிஹேப் மார்செய் நகரில் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கிறான். நான் இங்கே. ஆக, ஒரு குடும்பம் மூன்றாகியிருக்கிறது. நாட்டின் கணக்கில் இது வளர்ச்சியாக இருக்கலாம். எங்கள் கணக்கில் இது இன்னும் ஒரே வீடு.

4. மனைவியோடு நானும் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்பது நியாயம். போனேன். மருமகனின் இரண்டு அறை வீட்டில் எனக்குச் சமையலறையில் படுக்கை. என் குறட்டையில் குழந்தை விழித்தது. குழந்தையின் அழுகையில் மருமகன் விழித்தார். "நீங்க ஊருக்குப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துங்களேன்" என்றாள் வர்தா. எங்களிடம் செடி இல்லை என்று நினைவூட்டினேன். "போற வழியில ஒண்ணு வாங்கிக்குங்க" என்றாள்.

5. கணக்கெடுப்பாளராக வந்த பெண்ணைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை. தேநீரை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். "மாமா, இந்த வீட்டில ஒரே பானையில சாப்பிடுறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள். நாங்கள் ஐந்து பேர், மருமகனைச் சேர்த்தால் ஆறு என்றேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் ஓரமாகக் கம்பளி மெத்தைகள் மடித்து அடுக்கியிருந்தன. பானை அடுப்பில் இருந்தது. மூடியைத் திறந்து பார்க்கவில்லை, அது அவள் பண்பு. "அவங்க போய் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சா மாமா?" என்றாள். ஆயிற்று என்றேன். "அப்ப விதிப்படி ஒண்ணுதான் போடணும். கோவிச்சுக்காதீங்க" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் போட்டது சரியான எண். அது சரியாக இருக்கிறதே என்பதுதான் ஐயா, என் குறை.

6. ஆனால் குடியிருப்பு முழுமைக்கும் அந்த எண்கள் சரி என்று என்னால் சொல்ல இயலவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ணிச் சொல்வதில்லை என்பது தாங்கள் அறிந்ததே, கண் பட்டுவிடும். எங்கள் கட்டடத்தில் ஒரு தாய், பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு அதன்பிறகு வெங்காயம்கூடக் கடன் கிடைக்காது, கணக்கெடுப்பாளர் படியேறி வருவதைக் கண்டதும் மூன்று பிள்ளைகளில் இருவரை என் வீட்டுக்குள் தள்ளிவிட்டுப் போனார். "கொஞ்ச நேரம் வச்சிருங்க, அந்தப் பொண்ணு பார்வையே சரியில்ல" என்றார். அந்தப் பெண் என் வீட்டுக்கு வருவதற்குள் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஆகவே அரசுக் கணக்கில் அவர்கள் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. ஆனால் மாலை நேரத்தில் படிக்கட்டில் அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டால், குடியிருப்பில் ஆட்கள் குறைந்துவிட்டதாக யாரும் எழுத மாட்டார்கள். இப்படி எத்தனை பிள்ளைகள் தங்கள் சராசரிக்குள் வராமல் ஒளிந்திருக்கிறார்களோ, அறியேன்.

7. சராசரி என்பது எனக்குப் பழைய பகை. நான் ஓட்டிய வழித்தடத்தில் காலையில் நிற்க இடமிருக்காது, மதியம் நானும் நடத்துநரும் ஒரு கோழியும் மட்டும் போவோம். இரண்டையும் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வண்டி போதும் என்றார் மேலாளர். எனக்கு அவர் மூன்று முறை விளக்கினார், எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் கதவில் தொங்கியவர்களுக்கு நான் விளக்கினேன், அவர்களுக்கும் புரியவில்லை.

8. இது குறித்துத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி மரியாதையாகவே பேசினார். "பெரியவரே, ஒத்தை ஆளுக்கு மூணு அறை எதுக்கு? பந்து விளையாடவா?" என்றார். "விளையாட இன்னும் பத்துப் பேர் வேணுமே தம்பி, அதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, எதுவானாலும் எழுத்து மூலமாகத் தரச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

9. இந்த முறை தியாகப் பெருநாளுக்கு எல்லோரும் வருவார்கள் என்று இருந்தேன். ஒல்ஃபாவுக்கு அன்று மருத்துவமனையில் பணி விழுந்துவிட்டது. ஒற்றை ஆளுக்கு ஆடு எதற்கு என்று இறைச்சிக் கடையில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் இப்போதெல்லாம் இரண்டு துண்டு, மூன்று துண்டு என்றே பொட்டலம் கட்டி வைத்துவிடுகிறார். கேட்டு வாங்கும் கூச்சம் நமக்கு இல்லை. ஷிஹேபைப் பொறுத்தவரை, கடந்த இரண்டு கோடையும் வரவில்லை. இந்த ஆகஸ்டில் கப்பல் ஏறுவாயா என்று கேட்டால், "பாக்கலாம்ப்பா" என்கிறான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எந்தப் புள்ளிவிவர அலுவலகமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

10. அடுத்து எழுதப்போவது அரசு அலுவலகத்துக்கு எழுதத் தக்கதா என்று தெரியவில்லை. இருந்தாலும் மனுவின் முக்கியக் காரணம் இதுதான். அறிவிப்பைப் பார்த்த அன்று வர்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீ எப்போது திரும்பி வருவாய் என்று இவ்வளவு காலமும் நான் அவளைக் கேட்டதில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்ற பயம். அன்றும் கேட்கவில்லை, சுவரைப் பற்றி மட்டுமே சொன்னேன். அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ கீழே போட்டு உடைத்தது.

"சமையல்கட்டு எந்தப் பக்கம் போகுது?" என்றாள்.

அந்தப் பக்கம் என்றேன்.

"அப்ப நான் வந்தா எங்க நின்னு சமைப்பேன்? உங்க தலையிலயா?"

இந்தக் கேள்விக்காகத் தங்கள் அறிவிப்புக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குழந்தையை வருகிற செப்டம்பரில் காப்பகத்தில் சேர்க்கப்போகிறார்களாம், அதன்பிறகு தனக்கு அங்கே என்ன வேலை என்றாள். எனக்கு இது அதுவரை தெரியாது. மெத்தைகளின் கம்பளியை இந்த வெயிலிலேயே பிரித்து அலசிக் காயப்போடச் சொன்னாள். அந்த வேலையை நான் அறிந்த அளவில் செய்துவிட்டேன். மொட்டைமாடியில் இன்னும் ஈர ஆட்டு வாடைதான் அடிக்கிறது. கட்டடத்தார் என்னைக் காணும்போது மூக்கைப் பொத்துகிறார்கள்.

11. ஆகவே ஐயா அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுவே. நவம்பரில் எங்கள் ஊர், கப்பல் போய்விட்ட துறைமுகம். ஆகஸ்டில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், கல்யாணங்கள் நடக்கும், வண்டி நிறுத்த இடமிருக்காது. அந்த மாதத்தில் ஒருமுறை எங்கள் குடியிருப்பை எண்ணுங்கள். அதுவரை சுவர் வேலையை நிறுத்திவையுங்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் மாத முதல் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் தங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறேன். வர்தாவும் ஒல்ஃபாவும் அன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிஹேப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

12. அதிகாரி வரும்போது பெரிய அறையில் என்னைத் தவிர யாரும் இல்லையென்றால், சுவருக்குச் சம்மதம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நடைவழிப் பலகையும் எனக்குப் போதும். அதன்பிறகு இதுபற்றி எந்த அலுவலகப் படியும் ஏற மாட்டேன். எப்படியானாலும் அன்று கூஸ்கூஸ் ஆறு பேருக்கு அவிக்கப்படும். அதிகாரி சாப்பிடாமல் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை வாசலைப் பார்த்தபடி எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
தய்யிப் வர்கி

இடம்: பிஸெர்த்
நாள்: 23 ஜூன் 2025