அண்ணியைப் பற்றிய பதில்

மார்ச் 3, செவ்வாய்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. சமூகப்பணி இளங்கலை. பதினேழாம் தேதி, பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில். வகுப்பில் எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் கணக்கியலுக்கும் நர்சிங்குக்கும் போட்டிருக்கிறார்கள்.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். லிஃப்ட் கிரீஸ் படிந்த கையாலேயே என் தலையைப் பிடித்து ஆட்டினான். "நம்ம வீட்டோட முதல் பட்டம்! நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு எவன் லிஃப்ட்ல மாட்டினாலும் கெடக்கட்டும்."

"கெடைக்கலன்னா?" என்றேன்.

"கெடைக்கலன்னா அம்மாகூட ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போ. போர்வை மடிக்கறதும் சமூக சேவைதான்."

அம்மா சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. ஆனால் அண்ணன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு முறைதான் வாய்ப்பு என்று போன மாதமே சொல்லியிருந்தான்.

மார்ச் 5, வியாழன்

நூலகத்திலிருந்து நேர்காணல் முறைகள் பற்றிய தடிப் புத்தகம் எடுத்து வந்தேன். 'ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்கவும். எதிரில் இருப்பவரின் மௌனத்தை நிரப்ப முயல வேண்டாம்.' எவ்வளவு அழகாக இருக்கிறது! நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மௌனங்களை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அண்ணியிடம் முயன்று பார்த்தேன். சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் கன்றிப்போன நிறம். கதவு இடித்ததாம்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அண்ணி?"

"என்னடி இது, பேட்டியா? கதவுகிட்ட போய்க் கேளு, அதுக்கு எப்படி இருந்துச்சுன்னு."

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு நான் எதுவும் பேசாமல் நின்றேன், புத்தகத்தில் சொன்னபடி. அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

கதவு இல்லை.

எனக்குத் தெரியாமலா இருந்தது? சுவர் அவ்வளவு தடிமன் இல்லை. தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவும் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி தானாகவே ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே அண்ணன் அடிக்கிறானாம். மருந்துக்கடை வேலையை விடச் சொன்னது அவன்தான். எந்தக் களிம்பு எந்தக் காயத்துக்கு என்று அவளுக்குத் தெரிந்திருப்பதால் மருத்துவரிடம் போகவே தேவைப்படவில்லை. இதைச் சொல்லும்போது வேலை விஷயம் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"உங்கண்ணன் கெட்டவர் இல்லன்னு சொல்வாங்க. நானும் பாத்திருக்கேன். லிஃப்ட்ல மாட்டின கிழவிகிட்ட போன்ல, 'பயப்படாதீங்கம்மா, நான் வந்துட்டே இருக்கேன்'னு எவ்வளவு பொறுமையா பேசுவாரு! எனக்கே பொறாமையா இருக்கும்."

கடைசியில், "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

சத்தியம் செய்தேன்.

மார்ச் 9, திங்கள்

அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். போர்வைகளின் பிளீச் வாடையோடு கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"எல்லா வீட்லயும் உள்ளதுதான். நீ பரீட்சைக்குப் படி."

அப்பா இருந்தபோது அம்மாவின் மணிக்கட்டு எப்படி இருந்தது? எனக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் இல்லை.

மார்ச் 11, புதன்

பள்ளியில் மாதிரி நேர்காணல். வழிகாட்டி மிஸ் தேர்வாளராக உட்கார்ந்தார். 'தந்தி' — என் தோழி, பேசினால் மூச்சு விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர் — நேரம் பார்த்தாள்.

"ஏன் சமூகப்பணி?"

சமத்துவம், மனித மாண்பு என்று ஒப்பித்தேன். மிஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "புஸ்தகம் பேசுதும்மா. நீ எங்க இருக்க? கண்ணால பாத்த ஏதாவது ஒண்ணு சொல்லு. பேரைச் சொல்லாதே, அது போதும்."

சொன்னேன். பெயர் சொல்லாமல். 'எனக்கு மிக நெருங்கிய ஒரு பெண்' என்று. களிம்பு, மருந்துக்கடை, கதவு எல்லாம் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள் என்றும் சொன்னேன். வாக்கியங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. முடித்தபோது மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதான். இதை விடாதே. சீட் உனக்குத்தான்."

தந்தி வாய் திறக்கவில்லை. அவளே பேசாமல் இருந்தால் எவ்வளவு நல்ல பதில்!

வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பக்கம் போகாமல் ஏன் நேராக அறைக்குப் போனேன்? பெயர் சொல்லவில்லையே.

மார்ச் 13, வெள்ளி

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்றெல்லாம் பார்த்துக்கொண்டேன். வீட்டில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

கதவைத் திறந்தால் அண்ணி. கையில் துவைக்க வேண்டிய துணிக்கூடை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நீ சொன்னதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள். "நான் அழல. துணிதான் மடிச்சேன்."

கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

மன்னிப்புக் கேட்டேன். அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அண்ணனின் சீருடைச் சட்டையை.

"எத்தனை பேர்கிட்ட சொன்ன?"

"மிஸ்கிட்ட. தந்திகிட்ட. பேரு சொல்லல, அண்ணி."

"உனக்கு நெருங்கினவங்க எத்தனை பேருடி இருக்காங்க? அந்த ரெண்டு பேரும் விரல் விட்டு எண்ண மாட்டாங்களா?"

ஐயோ. இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை? ரகசியம் காத்தல் பற்றிய அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்வேன் நான். பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகாது என்று அதிலேயே இருக்கிறது. படித்து, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். கோடு போடத்தான் எனக்குத் தெரியும் போல. நான் என்ன பண்ணிட்டேன்! தந்தி அவ அம்மாகிட்ட சொன்னா? அவங்கம்மா எங்கம்மாகிட்ட கேட்டா? அது அண்ணன் காதுக்குப் போச்சுன்னா, அடி வாங்கப்போறது நானா?

தந்தியிடம் ஓடினேன். வாசலிலேயே, "நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. எல்லாம் புரிந்திருந்தது அவளுக்கு.

மார்ச் 15, ஞாயிறு

பழைய பதிலுக்கே போய்விடலாம். சமத்துவம், மாண்பு. கொட்டாவி விடுவார்கள். சீட் போகும். லாண்டரிதான்.

இன்னொரு பதிலை யோசித்துப் பார்த்தேன். பள்ளியிலிருந்து முதியோர் இல்லத்துக்குப் போனது, அங்கே சுவருக்கு வண்ணம் அடித்தது. நாங்கள் அடித்த பச்சை அவர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இரவு உணவுக்குப் பிறகு அண்ணி என்னிடம் பேசினாள். சனிக்கிழமைக்குப் பின் இப்போதுதான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்பறீங்க?"

"ஏழு மணிக்கு."

"உங்கண்ணன் உன்னை விட்டுட்டு வந்துடுவாரா, இல்ல கூடவே இருப்பாரா?"

"கூடவே இருக்கறேன்னு சொல்லியிருக்கான். லீவு போட்டாச்சு."

"நல்லது" என்றாள். தட்டுகளை அடுக்கிவிட்டு, "நல்லா பண்ணு" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றையும் விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

காலையில் கொடியிலிருந்து என் துப்பட்டாவை எடுக்கப் போனேன். என்னுடையது, அம்மாவுடையது, அண்ணனுடையது எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணியின் துணி ஒன்றுகூட இல்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வேன் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் புரிந்தது. அம்மா மாலைவரை லாண்டரியில். அண்ணன் என்னோடு. வீட்டில் அவள் மட்டும்.

அண்ணன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். "பயமா இருக்கா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். அது பொய்யில்லை.

தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: "நீங்க நேரடியா யாருக்காவது உதவி செஞ்ச அனுபவம் இருக்கா?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. நிறுத்தங்கள், இறங்கும் குரல், எல்லாம் தயார்.

"இல்ல, மேடம்."

"யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல."

"உதவி பண்றதா நெனச்சுத் தப்பு பண்ணின அனுபவம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்ல முடியாது. அது என்னோடது மட்டும் இல்ல."

ஓரத்தில் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் தலை நிமிர்ந்தார். "அப்போ எதை வெச்சு உங்களைத் தேர்ந்தெடுக்கறது?"

"தெரியல, சார்."

யாரும் மௌனத்தை நிரப்பவில்லை. நானும்தான்.

வெளியே வந்தால் அண்ணன் படிக்கட்டில் எழுந்து நின்றான். "எப்படிடா?" எப்போதும் இல்லாமல் 'டா' போட்டான். "நல்லா பண்ணினேன்" என்றேன். உடனே கிளம்பலாம் என்றான்.

நூலகம் பார்க்கணும், அண்ணா. விடுதி பார்க்கணும். கேண்டீன்ல டீ குடிக்கலாமா? இன்னொரு டீ? ஒவ்வொன்றுக்கும் சரி என்றான். புத்தக அலமாரிகளை அண்ணாந்து பார்த்து, "இத்தனையும் படிக்கணுமா? பாவம்டி நீ" என்றான். அவ்வளவு அன்பாக அவன் இருந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இடையில் அண்ணிக்குப் போன் செய்தான். யாரும் எடுக்கவில்லை.

"சார்ஜ் போயிருக்கும்" என்றேன்.

மார்ச் 18, புதன்

அண்ணி போய்விட்டாள். அண்ணன் உடைத்ததில் வீட்டில் ஒரு கண்ணாடிச் சாமான் மிச்சமில்லை. அம்மா பெருக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"தெரியாது."

மார்ச் 19, வியாழன்

மறுபடியும் கேட்டான். தெரியாது.

மார்ச் 23, திங்கள்

கன்னத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, கன்றிய நிறம் போகவில்லை. மிஸ் கேட்டபோது, கதவு என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. "வீட்ல" என்றேன். அவர் என்னைத் தனி அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவில்லை. பேனாவை எடுத்தார். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

தேர்வாகவில்லை.

அண்ணன் என்னை அதற்குப் பிறகு தொடவில்லை. மிஸ் எழுதிய புகாரின் பேரில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவனோடும் அம்மாவோடும் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடியும் வருவார்களாம். அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் லாண்டரியில் எனக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பரீட்சை முடிந்ததும் சேர வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மதியம் என் போன் அடித்தது. தெரியாத எண். அண்ணன் எதிரில் உட்கார்ந்து பிரெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதானே நாத்தனார்?" ஒரு பெண் குரல். "பக்கத்துல ஆள் இருந்தா 'ம்' மட்டும் சொல்லுங்க."

"ம்."

"அவங்க நல்லா இருக்காங்க. மருந்துக்கடையில வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. உங்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னாங்க. எங்கேன்னு கேக்காதீங்க."

கேட்க எத்தனையோ இருந்தன. "சரிங்க" என்றேன். வைத்துவிட்டார்.

"யாரு?" என்றான் அண்ணன்.

"பல்கலைக்கழகத்துல இருந்து. அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிக்கலாமாம்."

வெகு நேரம் என் முகத்தையே பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

"அப்பவாவது கேக்கற கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லு" என்றான்.

"சொல்றேன்" என்றேன்.